மூன்றாவது கட்டம்

மணி மூன்று பத்து.
பிளேசான்ஸ் ஓடுபாதையைச் சுற்றிய கரும்பு
ஜூலைக் காற்றில் படுத்துப் படுத்து எழுகிறது.
என் மேசையில் இரண்டு தொலைபேசி, ஒரு திரை,
ஆடை படிந்த வனிலாத் தேநீர்.

கேப்டன் வலைதோன் அழைக்கிறார்.
அவர் பேசுமுன் மூக்கு பேசிவிட்டது.

எங்கள் கிரியோலில் 'மோ மலாத்' என்றால்
எனக்கு உடம்புக்கு முடியவில்லை.
அடைத்த மூக்கில் 'ம' ஏறாது.
'போ பலா' என்று வந்து
கடைசி எழுத்துக்கு முன்னால் நின்றுகொண்டது.
தமிழில் போ என்றால் போ.

நானும் காத்திருந்தேன்.
அந்த ஒரு எழுத்தைச் சொல்லியிருந்தால்
மாற்று ஆளை எழுப்பியிருப்பேன்,
ரோஸ்ஹில்லிலிருந்து டாக்சி அனுப்பியிருப்பேன்.
அவர் கேட்டார்:
"என் பேரில் எத்தனை?"

இரண்டு.
ஆறு மாதத்தில் இரண்டு கட்டம் மஞ்சள்.
ஒன்று டெங்கு. ஒன்று முதுகு.
மூன்றாவது நிரம்பினால் வருகைப் படி போகும்,
நாலாவது மாடிக்குக் கூப்பிடுவார்கள்.
அங்கே யாரும் கத்துவதில்லை.
தண்ணீர் ஊற்றி வைத்து
"அடிக்கடி இப்படி ஆகிறதோ?" என்பார்கள்.
லிஃப்ட் பக்கத்திலேயே சுவரொட்டி:
உடல்நலம் இல்லையா, பறக்காதீர்கள்.
இரண்டையும் அச்சடித்தது ஒரே இயந்திரம்தான்,
இரண்டிலும் ஓரத்தில் அதே மைக்கோடு.

"இரண்டு" என்றேன்.
"வருகிறேன்" என்றார்.
'தகுதி' என்று தட்டியது என் விரல்.

அவர் வீட்டுப் பெயர் உண்மையில் வேலாயுதன்.
கப்பலிறங்கிய பாட்டனிடம் பெயர் கேட்ட குமாஸ்தா
தன் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டான்.
ஒரு காது பிசகினால் எவ்வளவு தூரம் போகும் என்று
இந்தத் தீவில் பாதிப் பேருக்குத் தெரியும்,
அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தால் போதும்.

ரோட்ரிக் போகும் முதல் விமானம்.
ஐம்பத்தெட்டுப் பேர்:
தோற்றுத் திரும்பும் கால்பந்துப் பையன்கள்,
மடியில் கல்யாணக் கேக்கோடு ஒருத்தி,
டயாலிசிஸ் முடிந்து ஊருக்குப் போகும் தபால்காரர்.
இறங்கும்போது கேப்டனின் வலது காதில்
ஒரு கதவு சாத்திக்கொண்டது.
கோபுரம் மூவாயிரம் என்றது.
அவர் கை இரண்டாயிரத்துக்குத் திருகியது.
பக்கத்து இருக்கையில் லொவீனா,
வேலைக்கு வந்து பதினோரு மாதம்,
குமிழின் மேல் இருந்த அவர் விரலைத் தொட்டு
"மூன்று" என்றாள்.

அவ்வளவுதான்.
கீழே முழங்கால் தண்ணீரில்
ஈட்டியோடு கணவாய் தேடும் பெண்கள்
வழக்கம்போல அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.
கேக் சாயவில்லை.

திரும்பி வந்து லொவீனா படிவம் கேட்டாள்.
'காரணம்' என்ற வரியில் பேனாவை ஊன்றினாள்.
காது என்று எழுதினால் ஜலதோஷம்,
ஜலதோஷம் என்றால் மூன்றாவது கட்டம்.
"நீங்கள் குரலைக் கேட்டீர்களா, அக்கா?"
கேட்டேன் என்று நான் சொல்லவில்லை.
காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.
அந்த மாத அறிக்கையில்
நோய் விடுப்பு பதினெட்டு சதவீதம் குறைந்திருந்தது.
கேன்டீனில் எல்லோருக்கும் கத்தோ பிமான்.

இது நடந்து பத்து நாள்.
இன்று எனக்கு முப்பத்தொன்பது டிகிரி.
என் பேரிலும் இரண்டு மஞ்சள்:
ஒன்று எனக்கு, ஒன்று மகனின் மூச்சிரைப்புக்கு
என் பேரில் எடுத்தது.
வந்துவிட்டேன்.
திரையில் ஓய்வு நேரம் ஒன்பதா எட்டா,
வளையம் ஒன்றா இரண்டா,
எழுத்துகள் தண்ணீருக்கடியில் மாதிரி அசைகின்றன.

மணி மூன்று பத்து.
தொலைபேசி.
அந்தப் பக்கம் ஒரு இருமல்,
இந்தப் பக்கம் ஒரு இருமல்.
யார் முதலில் என்று கொஞ்ச நேரம் பார்த்தோம்.
"எல்லாம் சரிதானே?" என்றேன்.
"சரிதான். உனக்கு?"
"சரிதான்."

விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது.